அபூதாஹிர் வளர்த்த அரத்தை

கத்தாரில் ஒரு தொழிலாளர் முகாமின் குசினியில் இருபத்திரண்டு வருடம் நின்று, ஐந்நூறு பேருக்கு ஒரே நேரத்தில் சோறாக்கிய அபூதாஹிருக்கு, கிண்ணியாவில் சொந்த வீட்டுக் கரண்டியைத் தொட உரிமை இல்லை. மனைவி பஸ்மியா அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் வைத்திருந்தாள். அந்த மரியாதைதான் மனிதருக்குத் தாங்கவில்லை. மூன்று பிள்ளைகளும் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. ஊரோடு வந்த பிறகும் விருந்தாளியாகவே இருக்கிறோமே என்று உள்ளுக்குள் குமைந்தார்.

மகள் ஷிஃபானாவின் கல்யாணம் முடிந்த மறுகிழமையே தோப்பூர்ச் சந்தைக்குப் போய் அரத்தைக் கிழங்கு வாங்கி வந்தார். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் இடித்துக் கொடுக்கும் காயம் என்ற மருந்தில் மிளகு, உள்ளி, மஞ்சளோடு அரத்தையும் சேரும். அந்த வீட்டில் இதுவரை சேர்ந்ததெல்லாம் கடைத் தூள். பேரப்பிள்ளை பிறக்கும்போது தன் கையால் வளர்த்த பச்சைக் கிழங்கு சேரவேண்டும் என்பது அவருடைய வைராக்கியம்.

"கல்யாணம் முடிச்சு ஒரு கிழமை ஆகல்ல, அதுக்குள்ள காயத்துக்கு நடுறீங்க. ஆக்கள் பாத்தாச் சிரிக்க மாட்டாங்களா?" என்றாள் பஸ்மியா.

ஆட்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அவர் அசரவில்லை. கிணற்றடியில் ஆறு சீமெந்துப் பைகளில் மண்ணும் எருவும் நிரப்பி நட்டு, முருங்கைக்கு ஊற்றுவதுபோல மீன் கழுவிய தண்ணீரைத் தவறாமல் ஊற்றினார். செடி தழைத்ததோ இல்லையோ, தெருப் பூனைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஆறு பையையும் கிளறிக் கொட்டின. மறுபடி நட்டு, கடலுக்குப் போகும் கூட்டாளி றஊபிடம் ஒரு பழைய வலை கேட்டு வாங்கி மூடினார். வலையில் சூடை மீன் வாடை அப்படியே இருந்தது. மறுநாள் பூனைகள் இரண்டு மடங்காயின. கடைசியில் தேசிமரத்து எலுமிச்சை முள்ளை வெட்டிச் சுற்றிவைத்து, வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, ஒரே ஒரு பையைக் காப்பாற்றினார். அதிலிருந்த செடி நெஞ்சளவு வளர்ந்தது.

ஒரு வருடமும் சில மாதங்களும் கழித்து ஷிஃபானாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அபூதாஹிர் கிழங்கைத் தோண்டிக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பஸ்மியா மிளகு, உள்ளியைப் போலவே அதையும் முழுசாக உரலில் போட்டு இடித்தாள். முற்றிய கிழங்கு, நார் நாராகப் பிரிந்து உலக்கையைச் சுற்றிக்கொண்டது. இது ஏலாது, கடைக்குப் போய்த் தூள் வாங்கி வாருங்கள் என்று நெற்றியைத் துடைத்தாள்.

அவருக்கு அழுகை வராத குறை. கடைக்குப் போகவில்லை. யாரையும் கேட்காமல் குசினிக்குள் நுழைந்து, கத்தியைத் தீட்டி, மிஞ்சிய கிழங்கை நாருக்குக் குறுக்கே கடதாசி மாதிரி மெல்லிசாகச் சீவினார். ஐந்நூறு பேருக்கு ஆக்கிய கை அல்லவா, சத்தமே இல்லாமல் ஓடியது. பிறகு உரலில் போட்டு நாலு போடு போட்டார். கிழங்கு விழுதாகிவிட்டது. வாசம் ஷிஃபானா படுத்திருந்த அறைவரை போனது.

அதைச் சேர்த்துக் கரைத்த காயத்தை ஷிஃபானா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உம்மா, எரியுது. இத ஆர் இடிச்ச?"

"உங்கட வாப்பா," என்றாள் பஸ்மியா. பிறகு அவரைப் பார்க்காமலே, "நாப்பது நாளும் அவர்தான் இடிப்பார். கத்திய அவர் வச்ச இடத்தில இருந்து ஒருத்தரும் எடுக்க வேணாம்," என்றாள்.