ஊளை டீ

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக்குப் பன்னிரண்டு தறி போட்டேன். மாடி வீடு கட்டினேன். அய்யனார் கோவில் போகும் வழியில் கல்லைப் பெயர்த்து மாந்தோப்பு வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது. ஒரு பயல் கை கொடுக்கவில்லை. அப்பேர்ப்பட்ட என்னிடம் போன வாரம் பேத்தி ஒரு கண்ணாடிக் கோப்பையை நீட்டினாள். "தாத்தா, இது ஊலாங் டீ. நம்ம வீட்டுல நாந்தான் மொதல்ல போடுறேன்."

வாங்கிக்கொண்டேன். குடிக்க முடியவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அப்போது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோம். பட்டாளத்திலிருந்த அண்ணன் வடக்கே மலைப்பக்கமிருந்து ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தான். மிளகைவிடப் பெரிதாய்ச் சுருண்ட இலைகள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வீட்டில் படித்த மேதை நான்தான். கூடவே வந்த கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"ஊ... லாங்."

"அதென்னலே ஊளை? நாய் குடிக்கிற டீயா?" என்று அம்மா சிரித்தாள். அதிலிருந்து அதற்கு ஊளை டீ என்றே பெயர்.

பால் ஊற்றக் கூடாது, கொதிக்கவிடக் கூடாது, வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும், அதே இலையில் நாலு தடவை போடலாம் என்று எழுதியிருந்தான். பால்கோவா ஊரில் பால் இல்லாத டீயா! ஆனாலும் சொன்னபடி நான்தான் போட்டேன். அம்மா ஒரு வாய் குடித்தாள்.

"நல்லாத்தாம்லே இருக்கு. மிச்சத்த அவன் லீவுல வரவும் சேந்து குடிப்போம்."

லீவுக்கு முன்னால் தந்தி வந்தது. உடல்கூட வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அம்மா மிச்ச இலையைச் சொம்பில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். குடித்துவிட்டு இலையை முறத்தில் காயவைத்தாள். மறுநாளும் அதே இலை. அதற்கு மறுநாளும். நாலு தடவை எப்போதோ தாண்டிவிட்டது; நிறமுமில்லை, மணமுமில்லை.

துக்கம் கேட்க வந்த சித்தி, "என்னக்கா, வெறும் வெந்நியக் குடிக்கிறீக?" என்று கேட்டது எனக்கு அவமானமாகப் போயிற்று. கடையில் தூள் வாங்கி, பால் ஊற்றி, கெட்டியாக ஒரு டீ போட்டு அம்மாவிடம் நீட்டினேன். பழைய இலையை வாசலில் ஓடும் சாக்கடை வாறுகாலில் கொட்டிவிட்டதையும் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா திட்டவில்லை. "ரெண்டு மூணு எல இன்னும் விரியாமக் கெடந்துச்சேலே" என்றாள். எழுந்துபோய் வாறுகாலோரம் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் எல்லாவற்றையும் எப்போதோ கொண்டுபோயிருந்தது.

விரிந்தால் என்ன, விரியாவிட்டால் என்ன என்றுதான் அன்று எனக்குப் பட்டது. நான் போட்ட டீ ஆறிப்போகிறதே என்று கோபம்கூட வந்தது.

பேத்தியிடம் சொல்லிவிட்டேன். இந்தக் குடும்பத்தில் ஊலாங் டீயை முதலில் போட்டவன் நான். கொட்டியவனும் நான். யாரிடம் சொன்னாலும் ரெண்டையும் என் பேரில்தான் சொல்ல வேண்டும்.