தேய்மானத்தோடு பிறந்த புதுப் பிரேக்

டெல்லி ஓக்லாவில் நான் வேலை செய்யும் வடிவமைப்பு நிறுவனத்தில் என் பொறுப்பு சரிபார்ப்பு. வரைபடத்தில் என் கையெழுத்து இல்லாமல் எந்தப் பாகமும் பட்டறைக்குப் போகாது. அப்படிப் போட்ட ஒரு கையெழுத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மயூர் விஹாரிலிருந்து தனியாக மெட்ரோவில் வேலைக்குப் போகும் பெண் ஒருவர், தன் சக்கர நாற்காலியின் பிரேக் கைப்பிடியைக் கொண்டுவந்தார். பிரேக்கைப் போட்டாலும் நாற்காலி நகர்கிறது. அது வெளிநாட்டு நாற்காலி, உதிரிப்பாகம் கிடைப்பதில்லை.

"மெட்ரோ கிளம்பும்போதெல்லாம், 'அண்ணா, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க'ன்னு யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கு சார். எனக்கு அது பிடிக்கல."

கைப்பிடியை வெளியே கொடுத்து ஸ்கேன் செய்தோம். வந்த கோப்பில் இருந்தது வெறும் மெஷ்: முக்கோணங்களால் பின்னிய ஓடு. அளவு மாற்ற வழியில்லை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மேனேஜர் கணினியில் ஒரே கட்டளையில் அதைத் திடவடிவமாக மாற்றினார். ஒவ்வொரு முக்கோணமும் தனிப் பரப்பாகி ஒட்டிக்கொண்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். பல்லியின் தோல் போலிருந்தது. அச்சாணி நுழையும் துளை வட்டமாகவே இல்லை.

"அரே சார், திரையில பச்சை டிக் வந்திருச்சுல்ல? ஜல்தி கையெழுத்து போடுங்க. மேடம் வெயிட் பண்றாங்க."

"துளை கோணல்மாணலா இருக்கே."

"அரத்தால ரெண்டு இழு இழுத்தா வட்டமாயிடும். சாப்பாட்டுல முடி கிடந்த மாதிரி மூஞ்சிய வெச்சுக்காதீங்க."

போட்டேன். துளையை அளக்கும் வெர்னியர் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

புதுக் கைப்பிடியை மாட்டி, பிரேக்கைப் போட்டுவிட்டு, "தள்ளுங்க" என்றார் அந்தப் பெண். ஒரு விரலால் தள்ளினேன். நாற்காலி உருண்டது.

"பழசே தேவலாம் சார்."

அவர் போன பிறகு, எங்களிடமே இருந்த பழைய கைப்பிடியை அளந்தேன். அச்சாணி பன்னிரண்டு மில்லிமீட்டர். துளை ஒரு வாக்கில் பன்னிரண்டு, மறு வாக்கில் பதின்மூன்றரை. வருடக்கணக்காகத் தேய்ந்து நீண்டிருந்தது. அதனால்தான் பிரேக்கின் ரப்பர்க் கட்டை டயரை அழுத்தவில்லை. எந்தக் கோளாறைச் சரிசெய்யக் கேட்டாரோ, அதையே நாங்கள் பிசகாமல் ஸ்கேன் செய்து, பளபளக்கும் புது அலுமினியத்தில் வெட்டி, அரத்தால் இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தியும் கொடுத்திருந்தோம். அதன் வரைபடத்தின் அடியில் என் கையெழுத்து. 

அந்தத் திடவடிவத்தை அழித்தேன். மெஷ்ஷை மங்கலாகப் பின்னால் வைத்து, அதன்மேல் எல்லாவற்றையும் புதிதாக வரைந்தேன். துளைக்கு உண்மையான வட்டம், விட்டம் அச்சாணியின் அளவிலிருந்து. தட்டைப் பக்கங்களுக்குத் தளங்கள். வளைவுகளுக்கு ஆரம். இரண்டரை மணி நேரம் ஆனது.

"இத முதல்லயே பண்ணியிருக்கலாமே சார்," என்றார் மேனேஜர், டீயை உறிஞ்சியபடி. அந்தச் சத்தமே அருவருப்பாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

அந்தப் பெண் மறுபடி வந்து, புதிய வரைபடத்தின்படி வெட்டிய கைப்பிடியை மாட்டினார். பிரேக்கைப் போட்டார்.

"தள்ளுங்க."

தள்ளினேன். அசையவில்லை.

"பலமா."

இரண்டு கையாலும் தள்ளினேன். என் செருப்புதான் வழுக்கியது.

"பதினோரு நாளா பக்கத்து வீட்டு அங்கிள் ஆபீஸ் வரைக்கும் கூட வந்தாரு. அவருக்கு தேங்க்ஸ் சொல்லிச் சொல்லியே வாய் புளிச்சுப் போச்சு சார். உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்றதா இல்ல."

பிரேக்கைத் தளர்த்திவிட்டு, லிஃப்டை நோக்கித் தானே உருட்டிக்கொண்டு போனார்.