பழகிப்போன மூக்கு

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ஒரு வெட்டிப் பெருமை உண்டு. அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டுகளை ஊறவைக்கும் ஃபார்மலினின் நெடி யாருக்கு உறைக்காமல் போகிறதோ, அவர்தான் தேறிய ஆள். புதிதாகச் சேர்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினால், "பழகிடும், பழகிடும்" என்று மூத்தவர்கள் கேலி செய்வார்கள். அவர்களில் ஒருவர் சீவலக்கா. மெழுகில் பதித்த சதையை ஊதினால் பறக்கும் இழையாகச் சீவி எடுப்பது அவர் வேலை. அதனால் வந்த பெயர். பக்கத்து மேசையில் அந்தச் சீவல்களுக்குச் சாயமேற்றுகிறவன் நான்.

அக்காவுக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. கன்னம் கனக்கும், குனிந்தால் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். தூசு என்பார், சளி என்பார், ஆவி பிடித்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவார். ஒருநாள், "ஃபார்மலின் இருக்கிறதே தெரியல, நான் சீனியர் ஆயிட்டேன்!" என்று சிரித்தார். நாங்களும் கைதட்டினோம். அறிவு கெட்ட கூட்டம். சாப்பாடு ருசிக்காததைக்கூட அவர் களைப்பின் தலையில் கட்டினார்.

அவர் வீட்டில் அம்மா படுத்த படுக்கை. அக்கா ஒருத்தியே தூக்கி, துடைத்து, ஊட்டிப் பார்த்துக்கொண்டார். அம்மாவின் இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்தது. கட்டுப்போட்ட நர்ஸ் விவரமாகத்தான் சொன்னார்: "இந்தக் கட்டை வாரத்துக்கு ஒருக்கா பிரிச்சா போதும். வாடை வந்துச்சுன்னா மட்டும் உடனே பிரிச்சிடுங்க. உள்ள அழுகுதுன்னு அர்த்தம்."

அக்கா தினமும் கட்டருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். வாடை இல்லை. நிம்மதியாக வேலைக்கு வந்தார்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேட்டு எட்டிப்பார்த்த அடுத்த வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க இது, வீடே நாறுது!" பிரித்துப் பார்த்தால் புண் குழியாகிக் கிடந்தது. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, இனி நம் கையில் இல்லை என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். மகளுக்கு எப்படி இது தெரியாமல் போனது என்று கேட்ட வார்டு டாக்டர்தான் அவரை மூக்கு டாக்டரிடம் அனுப்பினார். சைனஸிலிருந்து மூக்குக்குள் இறங்கியிருந்த சதையில் ஒரு துண்டு எங்கள் மேசைக்கே வந்தது. அதை வேறு யாரும் சீவ அக்கா விடவில்லை.

நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய விரிப்பாக இருக்கவேண்டிய உட்சவ்வு நீர்கோத்துத் தடித்திருந்தது. சளியைத் தள்ளிவிடும் நுண்மயிர்கள் கொட்டிப்போன இடங்களில் சளி சுரக்கும் செல்கள் மண்டியிருந்தன. சவ்வுக்கு அடியில் இழையாக ஓடவேண்டிய கோடு பட்டையாகியிருந்தது. அதற்குக் கீழே சிவப்புப் பொடி தூவினாற்போல் அழற்சிச் செல்கள். சீவலைப் பார்த்து முடிவு சொல்லும் எங்கள் ஆய்வுக்கூட டாக்டரிடம் அக்கா கேட்டார்:

"அப்ப என் மூக்கு பழகலையா டாக்டர்?"

"பழகுறதாவது! பல வருஷமா வீங்கி அடைச்சிருக்கு. ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?"

சாயங்காலம் அக்காவோடு வார்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கப்போவதாக வழியெல்லாம் அழுதார். உள்ளே அம்மா மூச்சு வாங்க வாங்கப் பக்கத்துக் கட்டில்காரியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு மாதிரி வருமா? என் நாத்தம் எனக்கே தாங்கல. அவ கிட்ட வந்து குனிவா, ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. அதான் வலிக்குதுன்னு நானும் வாயே தொறக்கல. அவளை இன்னும் எதுக்குப் படுத்தணும்?"

அக்கா போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "பேசாதம்மா, மூச்சு வாங்குது" என்றார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மகள் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டாள் என்ற நினைப்போடேயே அம்மா மறுநாள் போய்ச் சேர்ந்தார்.