பானெட்டில் ஒரு ஸ்கூப்: தாராவியில் 6,480 ரூபாய், மலையில் 2.4 கிலோமீட்டர் பாக்கி

மண்பாதையில் மெதுவாக ஏறும்போது கொதித்து நின்றுவிடும் பழைய டீசல் ஜீப் உங்களிடம் இருந்து, குறைந்த செலவில் பானெட்டின் மேல் காற்று போக ஒரு கூண்டு, அதாவது ஸ்கூப், வைக்கலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்காக எழுதியது. எங்கள் ஸ்கூப் வேலை செய்தது. ஆனால் அதை எந்தப் பயணத்துக்காகச் செய்தோமோ அது நடக்கவில்லை. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

அருள் என்னோடு இருபத்திரண்டு ஆண்டு பத்திரிகையில் வேலை பார்த்த புகைப்படக்காரர். மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவர். இப்போது செம்பூரில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியிலேயே, எதிர் விங்கில் நான்காவது மாடியில் மனைவி ஜெஸியோடு இருக்கிறார். நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வரும் நோய் அவருக்கு. நோய் தெரிவதற்கு முன்பே முர்பாடுக்கு அப்பால் மலைமேல் ஒரு சிற்றூரில் இரண்டு அறை வீடு கட்டியிருந்தார். அங்கே நான்கு நாள் தங்கினால் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி 94 காட்டும். செம்பூரில் 90.

அங்கேயே போய் இருந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. டாக்டர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: அவசரம் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி வந்து சேர வேண்டும். கடைசி 6.2 கிலோமீட்டர் கல்லும் மண்ணுமான ஏற்றம். வாடகை வண்டி எதுவும் வராது. இருப்பது என் ஜீப் ஒன்றுதான். மார்ச் மாதம் அவரையும் ஜெஸியையும் ஏற்றிக்கொண்டு போனபோது அந்த ஏற்றத்தில் ஜீப் கொதித்து ஐம்பது நிமிடம் நின்றுவிட்டது. அவருடைய ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள் இறங்குவதைப் பார்த்தபடி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஊர் திரும்பியதும் ஜெஸி சொல்லிவிட்டார்: ஒன்று வண்டி சரியாக வேண்டும், இல்லையென்றால் மலை வீட்டை மறந்துவிட வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட், கூலன்ட், ஃபேன் பெல்ட் எல்லாம் புதிதாக மாற்றினேன். ஓரளவு குறைந்ததே தவிர, தீரவில்லை. ரேடியேட்டர் வழியாக உள்ளே வரும் காற்று வெளியேற வழியில்லாமல் பானெட்டுக்கு அடியில் தேங்குகிறது என்றார் எங்கள் மெக்கானிக். கடையில் விற்கும் ஃபைபர் ஸ்கூப் மாட்டுக்கூலி இல்லாமலே பதினான்காயிரம் என்றார்கள். அதனால் வேறு வழி பார்த்தேன்.

ஏப்ரல் முதல் வாரம், குர்லாவில் பழைய உதிரிபாகக் கடையில் அதே மாடல் பானெட் ஒன்று 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது. இதை மட்டும் மறக்காதீர்கள்: சொந்த பானெட்டை வெட்டாதீர்கள். பிடிக்காவிட்டாலும், ஆர்.டி.ஓ.வில் கேள்வி வந்தாலும் பழையதை மாட்டிக்கொள்ளலாம். பானெட்டை ஜீப்பின் கூரையில் கட்டிக்கொண்டு, காலை பத்தே காலுக்குத் தாராவி அறுபதடி ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு சந்தில் காதர் மைதீன் பட்டறை வைத்திருக்கிறார். தென்காசிப் பக்கத்துக்காரர். ஓட்டல், மெஸ் சமையலறைகளுக்குத் தகரத்தில் புகைக்கூண்டு செய்வது அவர் தொழில். வண்டி வேலை அவர் செய்வதில்லை. ஆனால் 20 கேஜ் தகரத்தை அவர் மாதிரி மடக்குகிறவரை நான் பார்த்ததில்லை. அருளுக்குப் பழக்கமானவர் என்பதால் ஒப்புக்கொண்டார்.

ஸ்கூப் என்றால் முன்னால் வாய் திறந்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். படமும் வரைந்து கொண்டுபோயிருந்தேன். காதர் பாய் அதைத் தலைகீழாகத் திருப்பி மேசையில் வைத்தார்.

“நீங்க என்ன ஏரோப்ளேனா ஓட்டுதிய? எட்டு கிலோமீட்டர்ல ஏறுத வண்டிக்கு எதிர்காத்து எங்கேருந்து சார் வரும்? சூடு தானா மேல போவும். நாம வழி விட்டாப் போதும். அதோட, முன்னாடி பாத்து வாய் வச்சா பாரிஷ்ல மழைத்தண்ணி பூரா என்ஜின் தலையிலதான்.”

நம்பாமல் நின்ற என்னை மறுநாள் மாட்டுங்காவுக்கு வரச் சொன்னார். ஒரு மெஸ்ஸின் மொட்டை மாடியில் அவர் புதுக் கூண்டு பொருத்தி முடித்திருந்தார். அதன் வாய் தென்மேற்கு மழைக்காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. கையை வைத்துப் பார்த்தேன். அனல் சீராக வெளியே போய்க்கொண்டிருந்தது. எந்தக் கூண்டும் பொருத்துவதற்கு முன்னால் மாடியில் ஏறி ஒரு சுற்று பார்ப்பாராம்.

“மழை ரெண்டாவது சார். மொதல்ல யார் வீட்டு ஜன்னல் எதிர்க்க இருக்குன்னு பாப்பேன். காயப்போட்ட ஒரு சேலையில புகை பட்டுச்சுன்னா பில்டிங் மொத்தமும் சண்டைக்குக் கீழ எறங்கிரும்.”

நோட்டில் இதை எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

வேலை இரண்டு நாளில் முடிந்தது. 34 சென்டிமீட்டர் அகலம், 22 நீளம், 7 உயரம். வாய் பின்பக்கம், முன்கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில். தகரம் 650, கூலி 2,200, வலை, ரிவெட், ரப்பர் பீடிங் சேர்த்து 480, பெயின்ட் 350. பானெட்டையும் சேர்த்தால் 6,480 ரூபாய்.

அருள் பார்க்க வேண்டும் என்று லிஃப்டில் இறங்கி வந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், தோளில் சிலிண்டர் பை. வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

“என்ன வே மணி, வண்டிக்கு மூக்கு வச்சுட்ட. எனக்கும் ஒண்ணு மாத்தித் தரச் சொல்லு பாய்ட்ட.”

ஏப்ரல் மூன்றாவது வாரம் நான் மட்டும் சோதனைக்குப் போனேன். பானெட் முழுக்க விரல் நீளக் கம்பளி நூல்களை டேப்பால் ஒட்டியிருந்தேன். ஏற்றத்தில் ஸ்கூப் வாயருகே இருந்த நூல்கள் எல்லாம் வெளிப்பக்கமாக அசைந்தன. சூடு வெளியேறுகிறது என்று அர்த்தம். 6.2 கிலோமீட்டரும் முதல் கியரில், 38 நிமிடம். என்ஜின் சூடு காட்டும் ஊசி பாதியைத் தாண்டவில்லை. மேலே போய்ச் சேர்ந்து அருளுக்குப் போன் செய்தேன். வீட்டு வாசலில் இருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

மே இரண்டாவது வாரம் மூவரும் கிளம்பினோம். செம்பூரில் காலை 5.40. வாஷி பாலம், மகாபே, ஷில்பாட்டா வழியாகக் கல்யாண் போய்ச் சேர்ந்தபோது 7.05. முர்பாடு 7.55. அங்கே தேநீரும் வடாபாவும். அருள் பாதி வடை சாப்பிட்டார். கருவி 91 காட்டியது. மண்பாதை தொடங்கும் இடத்தில் 9.10. மீட்டரில் 112 கிலோமீட்டர்.

தூசி அருளுக்கு ஆகாது என்பதால் ஜெஸி எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னார். ஏ.சி. இல்லாத வண்டி, புழுக்கம் தெரியாமலிருக்க ப்ளோயரைப் போட்டேன். நான் தனியாக ஓட்டும்போது எப்போதும் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுகிறவன். ப்ளோயரைத் தொட்டு எத்தனை மாதம் ஆயிற்றென்று நினைவில்லை. சோதனைக்குப் போன அன்றும் அப்படித்தான்.

ப்ளோயர் காற்றை இழுப்பது பானெட் முடிந்து முன்கண்ணாடி தொடங்கும் இடத்திலிருக்கும் வரிசைத் துளைகள் வழியாக. நாங்கள் வைத்த வாய் அவற்றின் நேர் எதிரே. பழைய என்ஜினில் எங்காவது கொஞ்சம் புகைக் கசிவு இருக்கத்தான் செய்யும். முன்பு அது வண்டிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

ஒன்றரைக் கிலோமீட்டரில் அருள் இருமத் தொடங்கினார். தூசி என்று நினைத்து ப்ளோயரை இன்னும் கூட்டினேன். பின்சீட்டிலிருந்த ஜெஸிதான் டீசல் வாடை அடிக்கிறது என்றார். 3.8 கிலோமீட்டரில் கருவி 79 காட்டியது. வண்டியை நிறுத்திக் கதவுகளைத் திறந்தேன். ஜெஸி சிலிண்டரை நிமிடத்துக்கு நான்கு லிட்டராகக் கூட்டினார். அருள் டாஷ்போர்டைப் பிடித்துக் குனிந்திருந்தார். பேச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“ஊசி எங்க நிக்கி?”

“பாதியில.”

“அப்பச் சரி. வண்டிய விடு வே, இன்னும் கொஞ்சம் தூரந்தான்.”

2.4 கிலோமீட்டர். ஜெஸி என்னைப் பார்க்கவில்லை, கருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருப்புங்கண்ணே.”

அந்தப் பாதையில் ஜீப்பைத் திருப்ப ஆறு தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கருவி 88க்கு ஏறியது. கண்ணாடிகளை இறக்கி, ப்ளோயரை அணைத்துவிட்டு இறங்கினோம். தூசி முகத்தில் அடித்தது. அருள் ஈரத்துண்டை வாயில் பொத்திக்கொண்டார். செம்பூர் ஆஸ்பத்திரிக்கு வர 3 மணி 20 நிமிடம் ஆனது. டாக்டர் சொன்ன கெடுவைவிட இருபது நிமிடம் அதிகம். ஆறு நாள் படுக்கையில் இருந்தார்.

இதில் புகைக்கு எவ்வளவு பங்கு என்று டாக்டரைக் கேட்டேன். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது, நோய் ஏற்கெனவே முற்றிக்கொண்டுதான் இருந்தது என்றார். அந்தப் பதிலை எத்தனையோ முறை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் வைத்தாலும் சரியாக உட்காரவில்லை.

காதர் பாய் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அருள் தூங்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் நின்று நடந்ததைச் சொன்னேன். கேட்டவர், “ஊர் ஜன்னலெல்லாம் பாத்தேன் சார், இந்த ஜன்னல் கண்ணுல படல” என்றார். மறு வாரமே பானெட்டைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

ஸ்கூப் வைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மெதுவான ஏற்றத்துக்குப் பின்வாய் ஸ்கூப் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதைக் கண்ணாடியை ஒட்டி வைக்காதீர்கள். பானெட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். நாங்கள் இரண்டாம் முறை அங்கேதான் வைத்தோம். பழைய ஓட்டையைத் தகரம் வைத்து மூடினோம். பானெட்டின் பின் ஓரம் முழுக்க ரப்பர் பீடிங் ஒட்டி, எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டையும் மாற்றினேன். எல்லாம் முடிந்ததும் வண்டியை நிறுத்தி, ப்ளோயரை ஓடவிட்டு, ஸ்கூப் வாயருகே ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். உள்ளே வாசனை வந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். நின்ற இடத்தில் வராவிட்டாலும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு முறை ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். உங்களோடு வரப்போகிறவர் எப்படி உட்கார்ந்து வருவாரோ அப்படியே உட்கார்ந்து சோதியுங்கள்.

ஜூன் முதல் வாரம், மழைக்கு முன், நான் தனியாக மலைக்குப் போய்வந்தேன். நான்கு கண்ணாடியும் ஏற்றி, ப்ளோயர் முழு வேகத்தில். வாடையே இல்லை. ஊசி பாதியில். அருள் வீட்டைத் திறந்து, கூட்டி, ஜன்னல் கொக்கிகளை இறுக்கிவிட்டு வந்தேன்.

இதை அருளிடம் சொல்லவில்லை. இனி அவர் மலையேறக் கூடாது, நாள் முழுக்க ஆக்ஸிஜன் வேண்டும் என்று டாக்டர் ஜெஸியிடமும் என்னிடமும் மட்டும் சொல்லியிருக்கிறார். ஜெஸிக்கு இன்னும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என்னையும் சொல்லாதிருக்கக் கேட்டுக்கொண்டார். வண்டிதான் இன்னும் சரியாகவில்லை என்று அருள் நினைத்துக்கொண்டிருக்கிறார். தமிழ் அவருக்குப் பேசத்தான் வரும், படித்தது இந்தியில். அதனால்தான் இங்கே எழுத முடிகிறது.

தினமும் யார் யாருடைய வண்டி ஸ்கூப் படங்களையோ வாட்ஸப்பில் அனுப்புகிறார். போன ஞாயிறு போன் செய்தார்.

“மணி, வாயை இன்னுங் கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சா புகை கண்ணாடிக்கு வராதுல்லா? பாய்ட்ட கேட்டுப் பாரேன். அக்டோபர்ல மழை விட்டதும் போயிரலாம்.”

“கேக்கறேன்” என்றேன்.

ஜீப்பை இப்போதெல்லாம் அவர் ஜன்னலிலிருந்து தெரியாத பக்கத்தில் நிறுத்துகிறேன்.