தேர்வாளர் முன்னிலையில் நீர்ச்சுழற்சி

ஓய்வுக்குப் பின் ஆசிரியராக விழைவோர் முன்னெச்சரிக்கை பெறுதல் நலம் என்பதால் இதனை எழுதுகிறேன்.

தொழிற்சாலைப் பணி முடித்தபின் அஞ்சல்வழியில் ஆசிரியக் கல்வி பயின்றேன். செய்முறைத் தேர்வு கள்ளிக்குப்பத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில், ஏழாம் வகுப்பில் நடந்தது. கடைசி இருக்கையில் அமர்ந்திருந்த தேர்வாளர் மனம் நிறைந்தால்தான் எனக்குப் பட்டம். பாடத்தின் பெயரை நான் சொல்லலாகாது. சில வினாக்கள் தொடுத்து மாணவியர் வாயிலிருந்தே அதனை வரவழைக்க வேண்டும் என்பது பயிற்சி மரபு.

“காலையில் என்ன பருகினீர்கள்?” என்று தொடங்கினேன்.

“நீர்ச்சுழற்சி சார்!” என்றது வகுப்பு முழுவதும்.

“போன மாசம் ட்ரெயினிங் வந்த மிஸ்ஸும் இத்தான் சார் கேட்டாங்க. இப்ப நீங்க சார்ட்டு மாட்டணும்” என்றாள் முன்வரிசைச் சிறுமி.

என் பாடம் தொடங்கிய நொடியிலேயே முடிந்துவிட்டது. “இதில் உங்களுக்கு விளங்காதது யாது?” என்றேன். திட்டத்தில் இல்லாத வினா அது.

“தண்ணி ஆவியா மேல போவும்னா, எங்க தெருவுல தேங்கிக் கீற தண்ணி மட்டும் ஏன் சார் போவ மாட்டுது?” என்றாள் அவளே.

“அறியேன் அம்மா. என் தெருவிலும் போகவில்லை.”

“எங்க ஊர் கோவில்பதாகையிலயும்தான்” என்றார் தேர்வாளர், தம்மை மறந்து.

மணி அடிக்கும்வரை களிமண், வெயில், சாக்கடை என்று அனைவரும் வழக்காடினோம். சார்ட்டு சுருண்டே கிடந்தது. அதற்காக மதிப்பெண் குறைந்தது. ஆயினும் தேறினேன். விடையறியாமல் கேட்ட அந்த ஒரு வினாவே என்னை ஆசிரியனாக்கியது என்று கருதுகிறேன்.

இதில் பிழை காணின் அன்பர்கள் திருத்துக. என் வகுப்பு மாணவியர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள்.