காரணம் என்ற கட்டம்

என் பழைய நாட்குறிப்பு ஒன்றுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி இருக்கிறது. அதன் குறுக்கே இரண்டு பசைக் கோடுகள். அன்றைக்கு விரலுக்கு மட்டுமே தட்டுப்பட்டவை, இன்று தேன் நிறத்தில் கண்ணுக்கும் தெரிகின்றன.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருந்த ஒரு சிறிய நாப்கின் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் தரப் பதிவேடு எழுதினேன். பசை இயந்திரத்தை இயக்கியவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் பாய். வளைகுடாவில் டயப்பர் செய்யும் இடத்தில் பதினோரு ஆண்டுகள் இதே வேலை பார்த்தவர். விடுமுறையில் வந்தபோது இளைய மகள் அவரை யாரோ என்று நினைத்து ‘மாமா’ என்று கூப்பிட்டிருக்கிறாள். அன்றே பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டதாகச் சொல்வார். சோப்புக்கட்டி போல வரும் பசை அவருடைய தொட்டியில் உருகி, சூடான குழாய் வழியே வந்து, நாப்கினின் முதுகில் இரண்டு கோடுகளாக இறங்கும். உள்ளாடையில் அதைப் பிடித்து வைப்பது அந்தக் கோடுகள்தான். மணிக்கு ஒரு முறை நான் தொட்டியின் வெப்பத்தைக் குறிப்பேன். முள் நகர்வதற்கு முன்பே அவருடைய மூக்கு சொல்லிவிடும்: “தங்கச்சி, கருகுது.” பிரியாணி கருகினால் பாய்க்குத் தெரியாது, பசை கருகினால் மட்டும் தெரியும் என்று பேக்கிங் பெண்கள் கிண்டல் செய்வார்கள். “வூட்டுல தெரிஞ்சாலும் வாயத் தொறந்து சொல்ல முடியுமாம்மா?” என்பார்.

அவருடைய பெருமை வேறொன்றில் இருந்தது. நாப்கினைச் சோதனைத் துணியில் ஒட்டி, உரித்து, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். “எடுத்தா, இருந்த தடமே தெரியக் கூடாது” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அதற்காகவே பசையின் அளவை மிகக் குறைவாக வைத்திருந்தார். எங்கள் சோதனைத் துணிகள் குளிரூட்டிய அறையில், அலமாரிக்குள், மொடமொடவென்று இருக்கும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பள்ளிகளுக்குப் போன சரக்கு திரும்பி வந்தது. நாப்கின் நிற்கவில்லை, நகர்ந்துவிடுகிறது என்றார்கள். மூன்று நாட்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார்கள். என் பதிவேட்டில் வெப்பம் சரியாக இருந்தது. சோதனைத் துணியில் ஒவ்வொரு முறையும் ஒட்டியது. யாருடைய தவறு என்று தெரிந்ததும் அந்த ஆளை மாற்றிவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். அப்போது என் வீடு கல்லங்குறிச்சியில். உள்ளாடைகளைக் கொடியில் போட்டு மேலே ஒரு புடவையை விரித்து மூடுவோம். சிமென்ட் லாரித் தூசி படியாமல் இருக்க என்று பெயர். மழைக்காலத்தில் அவை காய்வதே இல்லை, ஈரத்தோடுதான் உடுத்திக்கொள்வோம். எங்கள் நாப்கின் எனக்கே நகர்ந்திருக்கிறது. பஸ் எத்தனை நிமிடம் தாமதம், மழை எப்போது விட்டது என்றெல்லாம் நாட்குறிப்பில் எழுதியவள், இதை எழுதவில்லை.

நான்காம் நாள் தேநீர் வேளையில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஒரு சோதனைத் துணியை நனைத்துப் பிழிந்து, காற்றில் ஆற்றி அவரிடம் நீட்டினேன். “மழைக்காலத்துல துணி இப்படித்தாங்க பாய் இருக்கும்.” அவர் நாப்கினை ஒட்டினார். தொட்டதும் நழுவியது. நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

“அங்க, வளைகுடா வெயில்ல துணி பத்து நிமிஷத்துல காஞ்சுரும் தங்கச்சி. எனக்கு இது தோணவே இல்ல.”

பசையைக் கூட்டி மறுபடி ஒட்டினார். நின்றது. உரித்தபோது துணியில் இரண்டு கோடுகள் தங்கிவிட்டன. அவற்றை ஒருமுறை தடவிவிட்டு, துணியை என்னிடமே கொடுத்தார். நான் சொன்னதாக ஆபீஸில் சொல்ல வேண்டாம், ஈரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தலையசைத்தார்.

மேலாளர் அறையில் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாய்க்குப் பக்கத்தில் நான் பதிவேட்டோடு நின்றேன். இத்தனை நாள் ஏன் ஒட்டவில்லை என்று மேலாளர் கேட்டார். பாய் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

“பசைய கம்மியா வச்சது நான்தான் சார். என் கணக்கு தப்பு.”

மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில் ‘இயக்குபவரின் தவறு’ என்று நான்தான் எழுதினேன். எழுத்து எப்போதும்போல அழகாகவே இருந்தது.

சுற்று வட்டாரத்தில் அவருக்குத் தெரிந்த வேலைக்கு வேறு இடமில்லை. மறுபடி வளைகுடாவுக்கே டிக்கெட் எடுத்தார். கடைசி நாளில் என்னிடம் வந்து வெப்பமானியைத் துடைத்துக் கொடுத்தார். “இப்பத்தான் சின்னவ ‘அத்தா’ன்னு கூப்பிட ஆரம்பிச்சா. பரவால்ல, இந்தத் தடவ போன்ல முகத்தப் பாத்துக்கிட்டே பேசலாம்ல. போயிட்டு வரேன் தங்கச்சி.” நான் வெப்பமானியின் எண்ணைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டேன்.

இப்போது அரியலூரில் எங்கள் வீட்டு மாடியில் என் மகள் தன் துணிகள் அத்தனையையும் தெருப்பக்கக் கொடியில், வெயில் படும்படி காயப்போடுகிறாள். லாரிகள் இன்னும் போகின்றன. போன வாரம், ஒரு புடவையைப் போட்டு மூடேன் என்றேன். “மூடுனா எப்படிம்மா காயும்?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த நாட்குறிப்பை எடுத்தேன். பாய் மேலாளர் அறையில் பேசிய நாளின் பக்கத்தில் மழை, பஸ் எல்லாம் இருந்தன. பதிவேட்டில் இருந்ததுபோல ‘காரணம்’ என்று இங்கும் எழுதியிருந்தேன்; அதற்கு எதிரே மட்டும் வெற்றிடம். பேனாவை எடுத்து எழுதினேன்: துணியில் ஈரம். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

மை காயும்வரை துணியை மடிக்காமல் வைத்திருந்தேன். கோடுகளின் மேல் விரலை வைத்து எடுத்தேன். இன்னும் லேசாக ஒட்டியது.