தலைக்கு வாங்கிய பூ

லிட்டில் இந்தியா பூக்கடையில், "தலைக்கா, சாமிக்கா ஆன்ட்டி?" என்று கேட்டால், பல மாதமாக "சாமிக்கு" என்றே சொல்லிவந்தேன். தலையில் பூ நிற்க முடி இல்லை. வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. பொடுகு என்று நினைத்து, எண்ணெய் தடவிப் பேன் சீப்பால் அழுத்திச் சுரண்டினேன். ரத்தம் வந்தது, முடியும் கொத்தாக வந்தது. மொட்டையாகிவிடுவேனோ என்ற பயத்தில் முக்காட்டை எடுப்பதே இல்லை.

கடைசியில் பிடோக்கில் ஒரு டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். தலையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ வெறும் விரலால் முடியை விலக்கிப் பார்த்தார்.

"சீப்பால சுரண்டுனீங்களா ஆன்ட்டி?"

"பொடுகுன்னு நெனச்சேன்மா. இனி முளைக்காதா?"

"இது சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டிக்காது லா. தோல் வேகமா வளர்ந்து செதிலா மூடுது. அடியில மயிர்க்கால் உயிரோடதான் இருக்கு. சுரண்டாம மருந்து போடுங்க, மெதுவா முளைக்கும்."

மருந்து போட்டும் பயம் போகவில்லை. ஒரு நாள் தலையில் மருந்து தடவும்போது விரலில் குட்டி முடி குத்தியது.

அன்று பூக்கார அம்மா கேட்டபோது "தலைக்கு" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

முக்காட்டை இறக்கி, பூவைத் தலையில் வைத்துக் கிளிப் குத்தினேன். கிளிப் நிற்குமோ நிற்காதோ என்று, ஒரு கையால் பூவைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.